சாம்பார் அண்டாவுக்குள் போன ஆதாரம்

நேற்று ராத்திரி எட்டு மணி சீரியலில் வில்லி வசமாக மாட்டினாள். கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில், பக்கத்தில் ஈ காக்கா இல்லாமல், தான் செய்த தில்லுமுல்லு மொத்தத்தையும் தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கதவுக்குப் பின்னால் நம்ம கதாநாயகி, எம்.பி.ஏ. கோல்டு மெடல், மொபைலில் வீடியோ எடுக்கிறாள்.

"எடுத்தது போதும், மொதல்ல தங்கச்சிக்கு அனுப்புடி!" பெரியம்மா போட்ட சத்தத்தில் மாடிவீட்டு நாய் குரைத்தது. அவள் அனுப்பினாளா? போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள், யார் மேலோ மோதினாள், போன் சாம்பார் அண்டாவுக்குள். சரியாக அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா டிவியை மறைத்துக்கொண்டு நின்று, "இன்வெர்ட்டருக்குத் தண்ணி ஊத்துனீங்களா?" என்றார். அவருக்கு இன்று காலை காபி எப்போது கிடைத்தது என்பதை இங்கே எழுத முடியாது.

போன் விழுந்ததில் பெரியம்மாவுக்கு வருத்தமே இல்லை. வீடியோ எடுத்த உடனேயே "இது தண்ணியில போகும்" என்று சொல்லிவிட்டார். சாம்பார் என்பது மட்டும்தான் புதுசு. "படிச்ச பொண்ணுன்னு காட்டுறானே, அவளுக்கு வாட்சப் தெரியாதா?" என்பதுதான் கேள்வி. தெரியும்தான். ஆனால் கதாநாயகியின் புத்தி அவள் படிப்பைப் பொறுத்தது இல்லை, சீரியல் இன்னும் எத்தனை மாசம் ஓடணும் என்பதைப் பொறுத்தது. வீடியோ தங்கச்சிக்குப் போனால் மறுநாளே வில்லி ஜெயிலில். அப்புறம் எதை எடுப்பது?

வசனம் எழுதுபவரைத் திட்டியும் பயனில்லை. கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்று டைட்டிலிலேயே மூன்று பேர் ஓடுகிறார்கள். அவர்களுக்கு மேலே டிஆர்பி, அதாவது எத்தனை பேர் பார்த்தார்கள் என்கிற கணக்கு. சனிக்கிழமை தொடங்கி வெள்ளியில் முடிகிற வாரத்துக்கு அடுத்த வியாழக்கிழமை மார்க் வரும். மார்க் இறங்கினால் அமைதியாகப் போய்க்கொண்டிருந்த வீட்டில் திடீரென்று வளைகாப்பு வைப்பார்கள். அப்படியும் ஏறவில்லையென்றால் வளைகாப்புச் சாப்பாட்டில் விஷம்.

அரை மணி நேரத்தில் விளம்பரம் போகக் கதைக்குக் கிடைப்பது சுமார் 22 நிமிஷம். அதிலும் நேற்றைய மிச்சம், டைட்டில் பாட்டு, நாளைய முன்னோட்டம் எல்லாம் கழியும். இதற்கிடையில் ஓர் உண்மை வெளியே வந்தால் ஹாலில் நிற்கிற எட்டுப் பேர் முகத்தையும் காட்டியாக வேண்டும். ஆளுக்கு மூன்று விநாடி, மூன்று சுற்று, மொத்தம் 72 விநாடி. வசனமும் தேவையில்லை, எட்டுப் பேரின் கால்ஷீட்டும் ஏற்கெனவே கையில் இருக்கிறது. இதைவிட மலிவாக எபிசோடை நிரப்ப வழி கிடையாது.

கால்ஷீட் இல்லாவிட்டால்தான் வேடிக்கை. மாமியாரும் மருமகளும் நேருக்கு நேர் சண்டை போடுவார்கள், ஆனால் இரண்டு முகமும் ஒரே ஃபிரேமில் வராது. வேறு யாரையோ முதுகு காட்டி நிற்க வைத்து, தோளுக்கு மேலாக சஜஷன் ஷாட் வைத்திருப்பார்கள். "அது அவ கொண்டையே இல்ல" என்று பெரியம்மா கண்டுபிடித்துவிடுவார். ஆள் ஒரு வாரம் வரமாட்டார் என்றால் அம்மா வீடு, ஒரு மாசம் என்றால் கோமா. முகம் முழுக்கக் கட்டுப் போட்டிருந்தால் கட்டைப் பிரிக்கும்போது வேறு ஆள். மலையிலிருந்து விழுந்து, உடம்பைக் காட்டாமல் விட்டால், படத்துக்கு மாலையே போட்டாலும் திரும்பி வருவார்.

இந்த விதிகளுக்குள் அடங்காதது ஒன்றுதான். 'எதிர்நீச்சல்' ஓடியபோது வீட்டு மருமகள்கள் நாலு பேரையும் அடக்கி வைக்கிற ஆதி குணசேகரனைப் பெரியம்மா திட்டாத நாள் கிடையாது. அவருடைய "இந்தாம்மா ஏய்" கேட்டாலே அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து திட்டுவார். 2023 செப்டம்பர் 8 அன்று, குணசேகரனாக நடித்த மாரிமுத்து அந்த சீரியலின் டப்பிங்கில் இருந்தபோது உடம்புக்கு முடியாமல் போய், மாரடைப்பில் இறந்துவிட்டார். செய்தியைக் கேட்டுப் பெரியம்மா, "அந்த நாலு பொண்ணுங்களும் இவர ஜெயிக்கிறதப் பாக்காமலே போயிட்டேனே"ன்னு, ஏதோ தானே செத்துப்போன மாதிரி சொன்னார். பிறகு அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நன்றாக நடிக்கிறார் என்று பெரியம்மாவே ஒத்துக்கொண்டார். திட்டு மட்டும் வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "இவர் தோத்தா அது வேற கணக்கு" என்றார்.