ஏரி மூச்சு விட்டபோது

கப்பலைக் கரையேற்றும் நாளில் பாதி நேரம் சும்மா நிற்பதுதான் வேலை. வீட்டில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், குயின்ஸ்டவுன் நகரை ஒட்டிய வாகாடிப்பு ஏரியில் எர்ன்ஸ்லா என்றொரு நீராவிக் கப்பல் ஓடுகிறது. 1912இல் தண்ணீரில் இறங்கியது. 51 மீட்டர் நீளம். இன்றும் நிலக்கரிதான், முழு வேகத்தில் போனால் மணிக்கு ஒரு டன் விழுங்கும். ஒருகாலத்தில் ஏரிக்கரைப் பண்ணைகளுக்கு ஆடு, மாடு, கம்பளி மூட்டை சுமந்தது. இப்போது சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கிறது. அவ்வப்போது அதை ஸ்லிப்வேயில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்த்தாக வேண்டும். அப்படி ஒரு குளிர்காலத்தில் ஃபிட்டராக நானும் போய்ச் சேர்ந்தேன்.

ஸ்லிப்வேயில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. கரையிலிருந்து தண்ணீருக்குள் சரிந்து போகும் தண்டவாளம், அதன்மேல் தொட்டில் மாதிரி ஒரு வண்டி, மேட்டில் வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்க ஒரு வின்ச். வண்டியை உள்ளே இறக்கி, அதற்கு நேர் மேலே கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தி, மெல்ல இழுத்தால் கீல், அதாவது கப்பலின் அடியில் நீளவாட்டில் ஓடும் முதுகெலும்பு, எங்கள் தூத்துக்குடித் தோணிக்காரர்கள் ஏரா என்பார்களே அது, வண்டியில் அடுக்கியிருக்கும் கட்டைகள்மேல் உட்காரும். கட்டை ஒன்று தப்பாக நின்றால் பாரம் முழுக்க ஒரே இடத்தில் இறங்கும். தகடு வெறும் கால் அங்குலம், நெளிந்துவிடும். நிலக்கரியையும் தொட்டித் தண்ணீரையும் முடிந்தவரை முன்பே காலி செய்வது இதற்காகத்தான்.

எனக்குக் கொடுத்த வேலை எளிது. வண்டியின் பக்கக் கம்பத்தில் கோடு போட்டிருக்கும். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னேன், நோட்டிலும் எழுதிக்கொண்டேன். ஏரா கட்டையைத் தொட்டுவிட்டதாக டைவர் கை காட்டினார். வின்ச்சை நிறுத்திவிட்டு எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம் கழித்துக் கம்பத்தைப் பார்த்தால் தண்ணீர் அரைச் சாண் ஏறியிருக்கிறது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. வண்டி சறுக்குகிறது! "நிறுத்துங்க!" என்று தமிழிலேயே கத்தினேன். நிறுத்துவதற்கு அங்கே எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

வின்ச்சில் நின்ற பெரியவர் கம்பிவடத்தைப் பார்த்தார். அது அசையவில்லை. என்னைப் பார்த்தார். கையிலிருந்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏரி மூச்சு விடுகிறது" என்றார்.

கிண்டல் இல்லை. இந்த ஏரியின் மட்டம் சுமார் 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும், சில நாள் ஒரு சாண் வரைக்கும். தூங்கிக்கொண்டிருந்த மாத்தாவ் என்ற அரக்கனைத் தீவைத்துக் கொன்றார்கள், அவன் கிடந்த பள்ளம்தான் ஏரி, எரியாமல் மிஞ்சிய இதயம் அடியில் இன்னும் துடிக்கிறது என்பது மவோரி மக்களின் கதை. பாடப்புத்தகத்தில் இதற்கு செய்ஷ் என்று பெயர்: அண்டாத் தண்ணீரை ஒரு பக்கம் ஆட்டிவிட்டால் முன்னும் பின்னும் அலைகிறதே, அதேதான், 80 கிலோமீட்டர் நீளத்துக்கு. அன்றைக்கு எனக்கு அரக்கன் கதைதான் பொருத்தமாகப் பட்டது. உட்கார்ந்த ஏராவை அவன் திரும்பத் தூக்கிவிட்டிருந்தான். மட்டம் இறங்கும்வரை காத்திருந்து, மறுபடி நேர் பார்த்து, பிறகுதான் இழுத்தோம். அதற்கப்புறம் நோட்டில் ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் மணியையும் எழுதினேன். முதலிலேயே எழுதியிருக்கலாம்.

மேலே வந்து நின்றதும் எனக்கு ஆச்சரியம். உப்புத்தண்ணீர்க் கப்பல்களின் அடியில் ஓடோடு ஒட்டிக்கொள்ளும் கொட்டலசைச் சுரண்டிச் சுரண்டியே கை மரத்துப்போனவன் நான். இங்கே நல்ல தண்ணீர். வழவழவென்று ஒரு பாசிப் படலம், அவ்வளவுதான். டனீடன் நகரில் கட்டிய கப்பலைக் கழற்றி, தகடுகளுக்கு எண் போட்டு, ரயிலில் கிங்ஸ்டனுக்குக் கொண்டுவந்து, ஏரிக்கரையில் திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். அந்த எண்களில் ஒன்றாவது தெரியாதா என்று தேடினேன். பெயின்ட்மேல் பெயின்ட், ஒன்றும் கிடைக்கவில்லை.

ரிவெட், அதாவது தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் தலை தட்டிய ஆணி, அதைப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. தலையின் ஒரு பக்கத்தை விரலால் தொட்டுக்கொண்டு மறுபக்கம் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. இறுக்கமாக இருந்தால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. தளர்ந்திருந்தால் ஒரு சின்ன நடுக்கம், பல் ஆடுவதுபோல. தடிமன் அளக்கும் மின்கருவி எண்ணைக் காட்டும், அதையும் வைத்துப் பார்ப்போம். ஆனால் ரிவெட் விஷயத்தில் நான் விரலைத்தான் நம்புவேன். அந்தக் குளிரில் ஒரு விரலுக்கு மட்டும் கையுறை இல்லை.

திரும்ப இறக்கும் நாளில் டார்ச்சோடு பில்ஜுக்குள், அதாவது கப்பலின் அடிவயிற்றுக்குள், என்னை அனுப்பினார்கள். நான் சந்தேகப்பட்டு வைத்திருந்த ரிவெட் ஒன்றின் அடியில் ஒரு துளி. கசிவா, குளிர்ந்த தகட்டின் வியர்வையா? துடைத்தேன். மணியைக் குறித்துக்கொண்டு, ஏரி ஒருமுறை ஏறி இறங்கட்டும் என்று அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தேன். மேலிருந்து இரண்டு தரம் கூப்பிட்டார்கள். 25 நிமிடம் கழித்துத் தடவிப் பார்த்தேன். ஈரமில்லை.