வைவாவுக்கு முன் லாகின் பக்கத்தைப் படித்துவிடுங்கள்

இறுதி செமஸ்டர் ப்ராஜெக்டை ஜாங்கோவில் (பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஃப்ரேம்வொர்க்) செய்துவிட்டு வைவாவுக்காகக் காத்திருக்கும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். என் ப்ராஜெக்ட் அறுவடை மிஷின் முன்பதிவு. தை பிறந்தால் கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை வரை சம்பா ஒரே சமயத்தில் அறுப்புக்கு வந்துவிடும், மிஷினுக்காக ஊரே அலையும். அதற்கொரு இணையதளம். ஆனால் எக்ஸ்டர்னலாக, அதாவது வெளித் தேர்வாளராக வந்த மேடம் முன்பதிவுப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. லாகினிலேயே நின்றுவிட்டார்கள்.

அதில் நியாயம் இருக்கிறது. எல்லார் ப்ராஜெக்டிலும் லாகின் உண்டு, அதிகம் காப்பியடிக்கப்படுவதும் அதுதான். அந்த ஒரு பக்கத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர், மீதியையும் தானே செய்திருப்பார் என்று நம்பிவிடுகிறார்கள். அதனால் பத்து மாட்யூலை மேலோட்டமாகப் புரட்டுவதைவிட, பாஸ்வேர்ட் போடுவதிலிருந்து மறந்து மாற்றுவது வரை ஒரே ஓட்டமாகப் படியுங்கள்.

முதல் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

“டேபிளைத் திறந்து பாஸ்வேர்டைக் காட்டுங்க.”

“ஹேஷ்தான் மேடம் இருக்கும். அசல் பாஸ்வேர்ட் எங்கேயும் சேமிக்கப்படாது.”

“அட்மினாலயும் பார்க்க முடியாதா?”

“முடியாது மேடம். மாத்தத்தான் முடியும்.”

ஹேஷ் என்பது பாஸ்வேர்டைக் கணக்குப் போட்டு உருமாற்றிய வரி, அதிலிருந்து அசலைத் திருப்பி எடுக்க முடியாது. இதோடு நிறுத்தாதீர்கள். அந்த நீளமான வரியை அவர்கள் முன்னாலேயே பிரித்துக் காட்டுங்கள். டாலர் குறிகளுக்கு நடுவே நான்கு துண்டு இருக்கும். முதலாவது முறையின் பெயர்: பிபிகேடிஎஃப்2, எஸ்எச்ஏ256. இரண்டாவது, அந்தக் கணக்கை எத்தனை முறை திரும்பத் திரும்பப் போடுகிறது என்ற எண், ஜாங்கோ 4.2-இல் அது 6,00,000, 5.2-இல் 10,00,000. மூன்றாவது சால்ட், அதாவது ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் தனித்தனியாகச் சேர்க்கப்படும் தாறுமாறான எழுத்துகள்; நான்காவது ஹேஷ். இவ்வளவு முறை ஏன் என்றால், டேபிள் திருடு போனாலும் ஒவ்வொரு பாஸ்வேர்டாக யூகித்துப் பார்ப்பவனுக்கு நேரம் பிடிக்க வேண்டும். சால்ட் எதற்கு என்பதைப் பேசாமலேயே காட்டலாம்: இரண்டு யூசருக்கு ஒரே பாஸ்வேர்ட் கொடுத்து வையுங்கள், டேபிளில் இரண்டும் வேறு வேறாக இருக்கும். என் வைவாவில் மேடம் முகம் மலர்ந்தது அந்த இடத்தில்தான்.

அடுத்து, ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?’ லிங்க். இதற்கு ஜாங்கோவே நான்கு பக்கம் தருகிறது: மெயில் முகவரி கேட்பது, அனுப்பியாயிற்று என்பது, புதியதைப் போடுவது, முடிந்தது என்பது. நாம் வடிவமைத்த பக்கத்துக்குப் பதில் அட்மின் தோற்றத்தில் ஒரு பக்கம் வந்து நின்றால் பதற வேண்டாம். இன்ஸ்டால்ட் ஆப்ஸ் பட்டியலில் நம் ஆப்பை அட்மினுக்கு மேலே ஏற்றினால் சரியாகிவிடும். டெம்ப்ளேட்டின் பெயர் இரண்டிலும் ஒன்றுதான், முதலில் கண்ணில் படுவதை ஜாங்கோ எடுத்துக்கொள்கிறது.

நன்றாகப் படிக்க வேண்டியது டோக்கனைத்தான். மெயிலில் போகும் லிங்கின் கடைசியில் இருக்குமே, அது. “இந்த டோக்கன் எந்த டேபிளில் இருக்கிறது?” என்று கேட்பார்கள். எந்த டேபிளிலும் இல்லை. யூசரின் ஐடி, இப்போதைய பாஸ்வேர்ட் ஹேஷ், கடைசியாக லாகின் செய்த நேரம், மெயில் முகவரி, டோக்கன் உருவான நேரம் எல்லாவற்றையும் சீக்ரெட் கீயோடு (செட்டிங்ஸில் இருக்கும் ரகசியச் சாவி) சேர்த்து ஜாங்கோ கணக்குப் போடுகிறது. லிங்க் திரும்பி வந்ததும் அதே கணக்கை மறுபடி போட்டு ஒப்பிடுகிறது. பாஸ்வேர்ட் மாறிய உடனே ஹேஷ் மாறும், கணக்கு ஒத்துவராது. அதனால் பழைய லிங்க் தானாகவே செத்துவிடுகிறது. இது புரிந்துவிட்டால் “ஒரே லிங்கை இரண்டு தடவை பயன்படுத்தலாமா?” என்ற கேள்விக்கு மனப்பாடம் தேவையில்லை.

லிங்க் செல்லுபடியாகும் காலம் இயல்பாக 2,59,200 விநாடி, அதாவது மூன்று நாள். எனக்கு அது அதிகமாகப் பட்டது, 3,600 விநாடியாகக் குறைத்து வைத்தேன். இன்னொன்றையும் கவனியுங்கள். லிங்கைத் தட்டியதும் முகவரிப் பட்டையில் டோக்கன் மறைந்து ‘செட் பாஸ்வேர்ட்’ என்ற சொல் வந்துவிடும். டோக்கனை செஷனில் (அந்த யூசருக்காக சர்வர் வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவு) வைத்துக்கொண்டு ரீடைரக்ட் செய்வதால் அப்படி. அந்தப் பக்கத்திலிருந்து வேறு தளத்துக்குப் போகும்போது ரெஃபரர் (எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று பிரவுசர் சொல்லும் முகவரி) வழியாக டோக்கன் வெளியே கசியக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

பதிவாகாத மெயிலைக் கொடுத்தாலும் ‘அனுப்பியாயிற்று’ என்ற அதே பக்கம்தான் வரும். அதைப் பிழை என்று நினைத்து ‘இப்படி ஒருவர் இல்லை’ என்று மாற்றிவிடாதீர்கள். யாருக்கு இங்கே கணக்கு இருக்கிறது என்று வெளியாள் துழாவிப் பார்க்க அதுவே வழியாகிவிடும்.

லேபில் நெட் இருக்குமா என்ற கவலையே வேண்டாம். ஈமெயில் பேக்எண்டை கன்சோல் என்று வைத்தால் மெயில் முழுவதும் டெர்மினலில் விழும், லிங்கை அங்கிருந்தே எடுத்து ஓட்டிக் காட்டலாம். ஜிமெயிலில் நிஜமாகவே அனுப்புவதென்றால் போர்ட் 587, டிஎல்எஸ், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன், அப்புறம் ஆப் பாஸ்வேர்ட். அந்த ஆப் பாஸ்வேர்டை செட்டிங்ஸ் ஃபைலில் எழுதி கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள். ஜாங்கோவின் சைட்ஸ் ஆப் (தளத்தின் டொமைன் பெயரை வைத்திருப்பது) சேர்த்திருந்தால் டொமைன் பெயரை முன்பே மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் லிங்க் எக்ஸாம்பிள் டாட் காமுக்குப் போய் நிற்கும்.

நம் பகுதிக்கென்று ஒரு கேள்வி உண்டு, அதைத் தவிர்க்கவே முடியாது. “உங்க ஊர் விவசாயிக்கு மெயில் எங்கேம்மா இருக்கு?” உண்மைதான். செல் நம்பரை வைத்து லாகின் கொடுப்பதே சரி. அதற்கு சொந்தமாக ஒரு யூசர் மாடல் எழுதி, முதல் மைக்ரேட்டுக்கு (டேபிள்களை உருவாக்கும் கட்டளை) முன்பே செட்டிங்ஸில் சொல்லிவிட வேண்டும்; டேபிள்கள் உருவான பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஆனால் ஜாங்கோவின் ரீசெட் மெயிலைத்தான் நம்பியிருக்கிறது. ஓடிபி அனுப்பலாமே என்றால், வணிக எஸ்எம்எஸ்ஸுக்கு டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி டிஎல்டி பதிவு, அதாவது அனுப்புநரையும் செய்தியின் வடிவத்தையும் முன்கூட்டியே பதிவது வேண்டும், மாணவர் ப்ராஜெக்டுக்கு அது எளிதில்லை. எங்கள் பெரியப்பா கொடுத்திருக்கும் நம்பரோ திருப்பூரில் இருக்கும் அண்ணனுடையது. வயலில் நிற்பவர் ஓடிபிக்கு அங்கே போன் போட வேண்டும். அதனால் நான் மெயில் இருப்பவருக்கு ரீசெட் லிங்க், இல்லாதவருக்கு மிஷின் உரிமையாளரின் அலுவலகத்தில் ஆளை நேரில் பார்த்து அட்மின் வழியாகத் தற்காலிக பாஸ்வேர்ட் என்று வைத்தேன். ஓடிபி இல்லாததை ரிப்போர்ட்டின் வரம்புகள் பகுதியில் காரணத்தோடு எழுதினேன். மேடம் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

வைவா அன்று காலை சூப்பர்யூசர் பாஸ்வேர்டே மறந்துபோனால் டேட்டாபேஸை அழிக்க வேண்டாம். டெர்மினலில் மேனேஜ் டாட் பிஒய், சேஞ்ச்பாஸ்வேர்ட், அப்புறம் உங்கள் லாகின் பெயர் அல்லது நம்பர். புதியதை இரண்டு முறை கேட்கும், போட்டுவிட்டு உள்ளே போங்கள்.