ஜனவரி 1-இல் பிறக்காத பிள்ளைகள்

தனியாக ஐரோப்பா வந்துசேரும் ஆப்கன் சிறுவர்களின் பதிவுத் தாள்களில் பிறந்த தேதி ஜனவரி 1 என்றே திரும்பத் திரும்ப இருக்கும். ஆண்டு மட்டும் தெரிந்தால் அலுவலகம் போட்டு நிரப்பும் தேதி அது. காப்பாளர், சிறுவர் இல்லம், பெற்றோரை அழைத்துக்கொள்ளும் உரிமை எல்லாம் 18 வயதோடு கட்டப்பட்டவை. கடலையும் மலையையும் தாண்டிய பிள்ளை இந்த ஒரு கட்டத்தில் தோற்றுவிடக் கூடாது.

பிழை கணக்கில் தொடங்குகிறது. ஆப்கன் சூரிய ஹிஜ்ரி ஆண்டு மார்ச் 20 அல்லது 21-இல் பிறக்கிறது. அதனுடன் 621 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஆனால் பத்தாம் மாதமான ஜதியின் 10 வாக்கில் ஆங்கிலப் புத்தாண்டு வந்துவிடுவதால், அதன்பின் 622 கூட்ட வேண்டும். அடுத்த மாதமான தல்வில், 1386 தல்வ் 15 என்றால் 2008 பிப்ரவரி 4. அவசரத்தில் 621 கூட்டி, கூடவே ஜனவரி 1 என்றும் போட்டால் 2007 ஜனவரி 1 ஆகிவிடும். ஒரே நிமிடத்தில் பையனுக்குப் பதின்மூன்று மாதம் வயது கூடிவிட்டது.

தஸ்கிரா என்ற ஆப்கன் அடையாள ஆவணமும் எப்போதும் கைகொடுக்காது. பழைய காகித தஸ்கிராக்களில் 'இந்த ஆண்டில் இத்தனை வயது' என்றுதான் பல நேரம் எழுதியிருக்கும்.

இன்னொரு சிக்கல் வழியிலேயே விளைகிறது. கூட்டத்திலிருந்து பிரித்துவிடுவார்கள் என்று பயந்து, அல்லது கடத்தல்காரர் சொல்லிக்கொடுத்தபடி, சிறுவர்களே எல்லையில் தமக்கு வயது 18 என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பதிவு அடுத்த நாட்டிலும் எதிரே வந்து நிற்கும். ஏன் அப்படிச் சொன்னான் என்பதை முதல் நேர்காணலிலேயே சொல்லவைக்க வேண்டும். பிறகு சொன்னால் சாக்காகப் பார்க்கப்படும்.

வயதில் சந்தேகம் வந்தால், எலும்பு வளர்ச்சியைப் பார்த்து வயதைக் கணிக்க மணிக்கட்டு எக்ஸ்ரே. அதை ஒப்பிட இன்றும் பல இடங்களில் பயன்படும் கிரூலிக்-பைல் படத்தொகுப்பு, அமெரிக்காவின் க்ளீவ்லாந்தில் வசதியான வீட்டுப் பிள்ளைகளை வைத்து உருவானது. எலும்பு வயது உண்மை வயதிலிருந்து இரண்டு ஆண்டுவரை விலகலாம். பதினேழா பதினெட்டா என்று தீர்ப்பதற்கு இது சற்றும் போதாது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி மருத்துவப் பரிசோதனைக்குச் சம்மதம் வேண்டும். மறுத்தான் என்பதற்காக மட்டும் தஞ்ச விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது. சந்தேகம் தீராவிட்டால் சிறுவர் என்றே கொள்ள வேண்டும்.

தஞ்சம் கேட்டு விண்ணப்பித்த நாளில் 18 ஆகாதவர், விசாரணை நடக்கையில் 18 கடந்தாலும் பெற்றோரை அழைக்கும் உரிமையை இழப்பதில்லை என்று 2018 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அகதி அந்தஸ்து கிடைத்த மூன்று மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும். தவறாகக் கூடிய பதின்மூன்று மாதம் எதையெல்லாம் பறிக்கும் என்று இப்போது கணக்கிட்டுப் பாருங்கள்.

ஆகவே கையெழுத்துக்கு முன் தேதியை இரண்டு நாட்காட்டியிலும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தவறென்றால் அன்றே எழுத்தில் திருத்தம் கேட்டு, நகலில் முத்திரை வாங்குங்கள். ஊரிலிருந்து தடுப்பூசி அட்டை, பள்ளிச் சான்று வந்தால், அவை வந்த தபால் உறையையும் தேதி முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள். எப்படி வந்தது என்று நிச்சயம் கேட்பார்கள்.