இரண்டடித் தொட்டியில் இறாலுக்கே முதலிடம்

உவர்நீர்த் தொட்டி வைக்க விரும்பி என்னிடம் வருகிறவர்கள், எந்த மீன் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்த இறால் வைக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால் சற்றுத் திகைக்கிறார்கள். இரண்டடி நீளமும் ஏறத்தாழ 90 லீற்றர் நீரும் கொண்ட தொட்டியில், அடியில் வாழப்போகிற இறால், நத்தை, நண்டு ஆகியவற்றை முதலில் தீர்மானித்துவிட்டு, அவற்றைத் தின்னாத மீன்களை மட்டும் அதன்பின் தேட வேண்டும் என்பது, திருகோணமலை உப்புவெளியில் என் வீட்டு முன்னறையில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

அப்படிப் பார்த்தால் கடையில் கண்ணைப் பறிக்கும் மீன்களிற் பாதி தாமாகவே கழிந்துவிடும். பேத்தையும் கிளாத்தியும் நத்தை, நண்டு ஆகியவற்றின் ஓட்டை உடைத்துத் தின்னும் பல்லுடையவை. சிங்க மீன் தன் வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கும். அதன் வாயோ நாம் நினைப்பதைவிடப் பெரிது. வண்ணத்துப்பூச்சி மீன்களிற் பல முருகை உயிர்களைக் கொத்தித் தின்று பழகியவை என்பதால் தொட்டியில் பட்டினி கிடந்தே சாகின்றன. மற்ற மீன்களின் உடலிலிருந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கும் நீலக் கோட்டு மீனின் கதியும் அதுவே. மூன்று மீன்கள் மட்டும் இருக்கும் தொட்டியில் அது எதைப் பொறுக்கும்?

என் முதல் தவறு டாம்சல். விலை குறைவு, இலகுவில் சாகாது என்று கடைக்காரர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் முதலில் குடிபோன அந்த விரலளவு மீன் தொட்டி முழுவதையும் தன் வளவாக்கிக்கொண்டு, பின்னர் வந்த இரண்டு கோமாளி மீன்களின் வாலையும் கிழித்துவிட்டது. அதைப் பிடிப்பதற்குக் கற்கள் அனைத்தையும் வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. முரட்டு மீனை வைத்தே தீருவதென்றால் அதைக் கடைசியாக விட வேண்டும். கோமாளி மீன்களோ எல்லாம் ஆணாகவே பிறந்து, கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறுபவை. ஆகவே அளவில் வேறுபட்ட இரண்டைச் சேர்த்து வாங்கினால் அவை சோடியாகிவிடும், மூன்றாவது ஒன்றை அச்சோடி பெரும்பாலும் விட்டுவைக்காது. கடலில் அவை ஒண்டி வாழும், பூப்போன்ற உயிரான கடல் அனிமனியையும் அவற்றுக்காக வாங்க வேண்டியதில்லை. கடும் ஒளி கேட்கும் அவ்வுயிர் இடம் பெயர்ந்து நீர் இறைக்கும் பம்பில் சிக்கினால், தொட்டி நீரே கெட்டுப்போகும்.

நான் மனமுவந்து பரிந்துரைப்பது கோபி மீனையும் வெடி இறாலையும் ஒன்றாக வைப்பதையே. இறாலுக்குக் கண் பார்வை மிகக் குறைவு. அது மணலைத் தள்ளிப் பொந்து தோண்டிக்கொண்டே இருக்கும். மீன் வாசலில் காவல் நிற்கும். வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் நீண்ட உணர்கொம்பு ஒன்றை மீனின் உடலில் தொட்டபடியே வைத்திருக்கிறது. மீன் வாலைச் சிலிர்த்தவுடன் இரண்டும் பொந்துக்குள் மறைந்துவிடுகின்றன. முதல் வாரத்தில் ஒருநாள் இரவு 'சடக்' என்று கேட்ட ஒலியில் கண்ணாடி வெடித்துவிட்டது என்று எண்ணி விளக்கைப் போட்டேன். இறால் தன் கொடுக்கைச் சொடுக்கியிருக்கிறது. கற்களை மணலின் மேல் அல்லாமல் தொட்டியின் அடிக் கண்ணாடியிலேயே ஊன்றி, மணலைப் பிறகு கொட்டுங்கள். இல்லாவிட்டால் தோண்டுகிறவனின் தலையிலேயே கல் சரியும்.

துறவி நண்டு பெயரில் மட்டுமே துறவி. அதற்கு வளர வளரப் பெரிய ஓடு தேவைப்படுகிறது. கிடைக்காவிட்டால் உயிருள்ள நத்தையைக் கொன்று அதன் ஓட்டுக்குள் குடியேறிவிடும். இப்போது கரையில் பொறுக்கிய வெற்று ஓடுகளை அவித்துக் காயவைத்துப் பல அளவுகளில் போட்டிருக்கிறேன், ஆயினும் நண்டு ஒன்றுக்கு மேல் வைப்பதில்லை. ஓடு பொறுக்குவது உப்புவெளிக் கரையில்தான். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு முருகைக்கல் துண்டும் எடுத்து வரக்கூடாது.

"தம்பி, உன்ர இறால் செத்துக் கிடக்கு" என்று அம்மா ஒருநாள் கூப்பிட்டார். கிடந்தது, தொட்டியிலிருந்த இன்னோர் இறாலான துப்புரவு இறால் கழற்றிய தோல். மீசை முதல் கால் வரை முழுதாக இருந்தது. புதுத் தோல் இறுகும்வரை அது ஒளிந்திருக்கக் கல்லிடுக்கு வேண்டும், நீரின் உவர்ப்பும் திடீரென்று மாறக்கூடாது. கச்சான் வீசும் மாதங்களில் என் தொட்டி நீர் 31 பாகை வரை ஏறுவதால் மின்விசிறி வைக்கிறேன். அதனால் ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடுகிறது. எனவே குறைந்ததை நன்னீரால் நிரப்பி, உவர்ப்பைக் காட்டும் தன்னீர்ப்பை 1.025 அளவில் வைத்திருக்க வேண்டும். வாடைக்கால மழையில் மகாவலி நீர் கலக்கும் கொட்டியாரக் குடாப் பக்கம் கடல்நீர் அள்ளுவதையும் நான் தவிர்த்துவிடுகிறேன். இத்தகைய மாற்றத்தை மீன் ஓரளவு தாங்கும், இறால் தாங்காது.

புதிய மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பின்பே உள்ளே விடுகிறேன். வெள்ளைப் புள்ளி நோய்க்குக் கொடுக்கும் செப்பு மருந்து மீனைக் காப்பாற்றும் அளவிலேயே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். தனித் தொட்டியின் வலைக் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். அந்த வலை முன்னறைப் பக்கம் வருவதில்லை.