செக் கேஸ்: எதிரித் தரப்பு வாதுரையை எங்கே தொடங்குவது?

காசோலை பணமாகாமல் திரும்பிய வழக்கில், அதைக் கொடுத்தவர்தான் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். அவருக்காக எழுதித் தரும் வாதுரையை "புகார்தாரர் கடனை நிரூபிக்கவில்லை" என்று தொடங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காசோலையில் உள்ள கையெழுத்தை எதிரி ஒப்புக்கொண்ட வழக்கில் அந்த வரி நிற்காது. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 139-வது பிரிவின்படி, காசோலை கடனுக்காகத்தான் கொடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானித்தே ஆகவேண்டும். சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் இருந்தது என்பதும் அதில் அடக்கம் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "வெற்றுக் காசோலையில் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்" என்பதும் தனியாக உதவாது.

ஆனால் எதிரிக்கான வழியும் அதே 2010 தீர்ப்பில்தான் இருக்கிறது. கடன் இல்லை என்று அவர் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டாம். நடந்திருக்க வாய்ப்பு எந்தப் பக்கம் அதிகம் என்று காட்டினால் போதும். எதிரி கூண்டேறாமலேயே, புகார்தாரரின் ஆவணங்களையும் சாட்சியத்தையும் வைத்தே அதைக் காட்டலாம். அதனால் எழுத உட்காரும்போது முதலில் கையில் எடுக்க வேண்டியது புகார்தாரரின் குறுக்கு விசாரணை நகல். தீர்ப்புகள் பிறகு.

ஐந்து லட்சம் ரொக்கமாகக் கொடுத்ததாகப் புகார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "புகார்தாரருக்குப் பணவசதி இல்லை" என்று மட்டும் எழுதினால் அது வெறும் குற்றச்சாட்டு. "அந்த மாதம் தன் கணக்கில் அவ்வளவு பணம் இல்லை என்கிறார், பணம் வந்த வழிக்கு ஆவணம் இல்லை என்கிறார், குறுக்கு விசாரணை பக்கம் 3, வரி 8 முதல்" என்று எழுதினால் நீதிபதி அந்தப் பக்கத்தைப் புரட்டுவார். பணவசதி கேள்விக்குள்ளானால் விளக்க வேண்டியது புகார்தாரர் என்ற 2019 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அதற்கு அடுத்த வரியில் வையுங்கள், பத்தி எண்ணோடு. ஒரு கருத்துக்கு ஒரு தீர்ப்பு போதும்.

தேதிகளை விரல்விட்டு எண்ணுங்கள். காசோலை திரும்பிய தகவல் கிடைத்து 30 நாளுக்குள், பணம் கேட்டு எதிரிக்குப் புகார்தாரர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்தபின் பணம் கட்ட எதிரிக்கு 15 நாள் அவகாசம். அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார். புகார் தாமதத்தைத் தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் மன்னிக்கலாம், நோட்டீஸ் தாமதத்தை மன்னிக்க வழியில்லை. அங்கே பிசகு இருந்தால் அதுதான் உங்கள் முதல் பத்தி.

நல்ல வழக்கையும் கெடுப்பது முரண்தான். பதில் நோட்டீஸில் காசோலை தொலைந்தது, எதிரி விசாரணையில் (நீதிபதி எதிரியிடமே கேள்வி கேட்கும் கட்டத்தில்) அதே காசோலை செக்யூரிட்டிக்குக் கொடுத்தது, வாதுரையில் கடனை அடைத்தாயிற்று. இப்படி மூன்று கதை இருந்தால் எதையும் நம்ப முடியாது. பதில் நோட்டீஸில் சொன்னதோடு ஒத்துப்போகாத வாதத்தை, எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், அடித்துவிடுங்கள்.