ஒரு லட்சம் கிலோமீட்டர் சர்வீஸ்: பட்டியலில் இருந்தவையும் இல்லாததும்

ஒரு லட்சம் கிலோமீட்டர் சர்வீஸ் ஒருவழியாக முடிந்தது. வண்டி நன்றாக ஓடுகிறது. எனக்குத்தான் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஓடோமீட்டர் ஆறு இலக்கத்தை நெருங்கிக்கொண்டிருப்பவர்கள் வண்டியை விடுவதற்கு முன் இதைப் படித்துவிட்டுப் போகலாம்.

நேரம் பதிவு செய்தது, வண்டியைக் கொண்டுபோய் விட்டது, ஜாப் கார்டு போட்டது எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. வம்பு எஸ்டிமேட்டில் தொடங்கியது. சர்வீஸ் ஆலோசகர் கணினியில் இரண்டு தட்டுத் தட்டியதும் 'ஒரு லட்சம் கி.மீ. பேக்கேஜ்' என்று ஒரு தாள் வந்தது. எஞ்சின் ஃப்ளஷ் (எஞ்சினின் உட்புறத்தைக் கழுவுவது), இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏசி கிருமிநீக்கம், அடிப்பகுதிக்குத் துருத் தடுப்புப் பூச்சு, பெயின்டுக்கு மெருகு என்று பக்கம் நிறைந்திருந்தது. மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தேன். எஞ்சின் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் டைமிங் பெல்ட் மட்டும் எங்கும் இல்லை.

என் வண்டியில் இருப்பது பெல்ட்டில் ஓடும் எஞ்சின். கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் ஒரு லட்சத்துக்கு நேரே கொட்டை எழுத்தில் இருப்பதே அதுதான். கேட்டேன்.

"சார், இந்த மாடலில் செயின்தான் வரும். மாற்றவே தேவையில்லை."

ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று எஞ்சின்கள் விற்பனைக்கு வருவது வழக்கம்; அதே வேலைக்கு ஒன்றில் செயின் இருக்கும், இன்னொன்றில் பெல்ட் இருக்கும். இது வண்டி வைத்திருப்பவருக்குத் தெரியாமல் போகலாம், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமல் போகலாமா? கையேட்டைத் திறந்து பக்கத்தைக் காட்டினேன். உள்ளே போய் யாரையோ விசாரித்துவிட்டு வந்து, "பார்த்துவிட்டார்கள் சார், பெல்ட் நன்றாகவே இருக்கிறது, விரிசல் எதுவும் இல்லை" என்றார்.

அவர்கள் பார்த்தது வெளியே தெரியும் ஃபேன் பெல்ட்டை. ஆல்டர்னேட்டரையும் ஏசி கம்ப்ரசரையும் சுழற்றும் அதைப் பானெட்டைத் திறந்தாலே பார்த்துவிடலாம். டைமிங் பெல்ட் பெரும்பாலான எஞ்சின்களில் மூடிக்குப் பின்னால் இருக்கிறது. மூடியைக் கழற்றாமல் அது நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவர் அதைப் பார்க்கவில்லை என்று பொருள். பார்த்தாலும் பெரிய பயனில்லை. மேலே பளபளப்பாக இருக்கும் பெல்ட்டின் பற்கள் அடியில் நைந்திருக்கலாம்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் ஒரே தாளத்தில் ஓட வைப்பது இந்தப் பெல்ட்தான். அறுந்தால் கேம் நின்றுவிடும். திறந்திருந்த வால்வுகள் திறந்தபடியே நிற்கும். பிஸ்டன் மட்டும் வேகம் குறையாமல் மேலே வந்து அவற்றை மோதும். இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே விலகிக்கொள்ள இடம் கிடையாது. வால்வுகள் வளைந்தால் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டும். பெரும்பாலும் எந்த முன்னறிவிப்பும் இருக்காது. சில எஞ்சின்களுக்கு 60,000 கிலோமீட்டரிலேயே மாற்றச் சொல்கிறார்கள், சிலவற்றுக்கு 1,50,000 தாண்டியும் விடுகிறார்கள். கூடவே ஆண்டுக் கணக்கும் உண்டு. வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். உங்கள் எஞ்சினுக்கு எவ்வளவு என்பதைக் கையேட்டில் பாருங்கள்; அக்கம்பக்கத்தில் கேட்காதீர்கள்.

அட்டவணை என்றதும் நினைவுக்கு வருகிறது. பல கையேடுகளில் அட்டவணை இரண்டு இருக்கும். இரண்டாவது, கடினமான பயன்பாட்டுக்கானது. குறுகிய தூர ஓட்டம், நின்று நின்று நகரும் நெரிசல், புழுதிச் சாலை, அதிக பாரம் ஆகியவை அதில் வரும். படித்துப் பார்த்தால் நம்மில் பாதிப் பேர் அதில்தான் இருப்போம்.

பிறகு பேனாவை வாங்கி அடிக்கத் தொடங்கினேன். எஞ்சின் ஃப்ளஷ்: காலம் தவறாமல் ஆயில் மாற்றிய எஞ்சினுக்கு எதற்கு? கையேட்டில் அப்படி ஒரு சொல்லே இல்லை. இன்ஜெக்டர் கிளீனிங்: ஐடிலிங் சீராக இருக்கிறது, மைலேஜ் குறையவில்லை, எஞ்சின் விளக்கு எரியவில்லை, வேண்டாம். ஏசி கிருமிநீக்கம்: கேபின் ஃபில்டரை மாற்றினால் போதும். ஒவ்வொன்றை அடிக்கும்போதும் ஆலோசகர் "அப்புறம் பிரச்சினை வந்தால் எங்களைச் சொல்லக்கூடாது சார்" என்றார். கடைசி வரை அதே வாக்கியம்தான்.

அடித்த இடத்தில் விடுபட்டவற்றை எழுத வைத்தேன். டைமிங் பெல்ட், இரிடியம் ஸ்பார்க் பிளக், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட், பிரேக் ஆயில். பிரேக் ஆயிலைக் கிலோமீட்டரை வைத்துக் கணக்கிட்டுப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி, 3.7 சதவீதம் நீர் கலந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது திரவம் கொதித்துக் குமிழி உண்டானால் பெடல் வெறுமனே உள்ளே போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

அடுத்து உதிரிபாகக் கூத்து. "பார்ட்ஸ் வந்துவிட்டது, நேரில் வந்து ஒப்புதல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்" என்று அழைத்தார்கள். வேலையை விட்டுவிட்டுப் போனேன். வந்திருந்தது வேறு எஞ்சினுக்கான பெல்ட். பற்களின் எண்ணிக்கையே வேறு. பட்டறைக்குள்ளிருந்த மூத்த மெக்கானிக் அதைக் கையில் எடுத்த நொடியிலேயே "இது இந்த வண்டிக்கு இல்லை" என்று சொல்லிவிட்டார். மாடல் பெயரையும் ஆண்டையும் மட்டும் போட்டு ஆர்டர் செய்திருக்கிறார்கள். சேசிஸ் எண்ணின் 17 எழுத்துகளையும் ஆர்டரில் எழுதச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். நீங்கள் முதல் நாளே அதைச் சொல்லிவிடுங்கள்.

சரியான பெல்ட் வந்தபோது, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் கூலன்டைச் சுற்றி ஓட வைக்கும் வாட்டர் பம்ப்பும் வரவில்லை. "பெல்ட்டை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுகிறோம், பம்ப் நன்றாகத்தான் ஓடுகிறது" என்றார் ஆலோசகர். இதற்கு மட்டும் எந்தக் காரணத்தாலும் தலையாட்டாதீர்கள். என் எஞ்சினில் வாட்டர் பம்ப்பைச் சுழற்றுவதும் அதே பெல்ட். பம்ப் பின்னால் பழுதானால் பிரித்த எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டும், கூலியும் மறுபடி. கசியும் கூலன்ட் புதுப் பெல்ட்டையும் கெடுக்கும். டென்ஷனரின் பேரிங் இறுகினாலும் பெல்ட் போய்விடும். எல்லாம் வரட்டும், காத்திருக்கிறேன் என்றேன். வண்டி அங்கேயே கிடந்தது. நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன்.

கழற்றிய பழைய பாகங்களை எனக்கே தர வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுத வைத்திருந்தேன். அந்த ஒரு வரிக்கே இவ்வளவு அலைச்சலும் தகும். பழைய பெல்ட்டைப் பார்த்தால் இன்னும் ஓடும் என்றுதான் தோன்றும். பம்ப்பை எடுத்து அதன் தண்டை அசைத்தேன், ஆடியது. கசிவுத் துளையின் ஓரத்தில் கூலன்ட் வழிந்து காய்ந்த தடம் படிந்திருந்தது. நன்றாகத்தான் ஓடுகிறது என்று சொன்னவரின் மேசைமேல் அதை வைத்தேன். அவர் கணினித் திரையைக் கவனிக்கத் தொடங்கினார்.

ஆயில், ஃபில்டர்கள், பிளக், பிரேக் எதிலும் குறை சொல்ல முடியாது.

கதை அத்தோடு முடியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்த சிறிது தூரத்திலேயே வெப்பமானியின் முள் நடுக்கோட்டைத் தாண்டி மெல்ல ஏறியது. ஹீட்டரைப் போட்டுப் பார்த்தேன், குளிர்ந்த காற்று வந்தது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கைவைக்கவே கூடாது. ஆறிய பிறகு பார்த்தால் கூலன்ட் டப்பாவில் அளவு குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. டோ வண்டியில் ஏற்றி மறுபடி அங்கேயே கொண்டுபோனேன்.

"வெப்பநிலை சென்சார் போயிருக்கும் சார், மாற்றிவிடலாம்." இன்னொரு பில்லுக்கு அடிபோடுகிறார் என்று புரிந்தது. முள் மேலே நிற்கும்போது ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் சூடான கூலன்ட் அங்கே போய்ச் சேரவில்லை என்று பொருள்; டப்பாவில் அளவும் இறங்கியிருக்கிறது; சென்சார் கூலன்டைக் குடிக்குமா என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. அந்த மூத்த மெக்கானிக் அவராகவே வந்தார். வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தினார், குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓட விட்டார், காற்று வெளியேற்றும் திருகைத் தளர்த்தினார். குமிழி குமிழியாகக் காற்று வந்தது. பம்ப்பை மாற்றிய பிறகு கூலன்ட் ஊற்றியவர்கள் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாமலே மூடியிருக்கிறார்கள். குமிழி நின்று, ஃபேன் ஓடி நிற்கும் வரை காத்திருந்து, அதே வகைக் கூலன்டை நிரப்பிக் கொடுத்தார். அதே நிறம் என்று சொல்லவில்லை, அதே வகை. நிறத்தை நம்பி ஊற்றாதீர்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கும்.

வண்டி எடுத்த முதல் வாரத்தில் தினமும் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். நிறுத்திய இடத்தில் கீழே ஈரம் இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள்.

கடைசி பில்லில் எஞ்சின் ஃப்ளஷ் மீண்டும் முளைத்திருந்தது. நான் பேனாவால் அடித்த தாளின் நகல் கைபேசியில் இருந்ததால் பேச்சு நீளவில்லை. ஃப்ளஷ் பில்லிலிருந்து நீங்கியது, டோ வண்டிச் செலவும் கழிந்தது. பெல்ட், டென்ஷனர், பம்ப் மூன்றையும் தனித்தனியாகக் கிலோமீட்டர், தேதியோடு சர்வீஸ் புத்தகத்தில் எழுதி முத்திரை வைக்கச் சொன்னேன். ஆலோசகர் எழுதினார். 'டைமிங் செயின்' என்று எழுதினார். அடித்துவிட்டுத் திருத்தச் சொன்னேன்.