அட்டை சிவப்பு, மற்றதெல்லாம் மறந்துபோச்சு

நாடகம் நன்றாகத்தான் போனது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இனி எழுதப்போவதெல்லாம் தோற்றவன் புலம்பலாகத் தெரியும். ஆகஸ்ட் 12, நூலகர் தினம். இந்திய நூலகத் துறையின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் படத்துக்கு மாலை, வாசகர் வட்டத் தலைவரின் தலைமையுரை, புதிதாகச் சேர்ந்த புரவலர்களுக்குச் சால்வை, கடைசியாக நான் எழுதிய ஒரு குறுநாடகம். வழக்கமாகத் தலைமையுரை நடக்கும்போதே பின்வரிசை காலியாகிவிடும். அன்றைக்கு நாற்காலி போதாமல் நாளிதழ் மேசைமேல் ஏறி உட்கார்ந்து சிரித்தார்கள். மாவட்டத்திலிருந்து வந்திருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எழுத நான் ஒன்றும் சிரமப்படவில்லை. நூலகத்தில் வேலை பார்ப்பவனுக்கு நகைச்சுவை தானாகவே கவுன்டருக்கு வந்து நிற்கும். கதவு திறந்த கையோடு ஒருவர் குறுக்கெழுத்தைப் பேனாவால் நிரப்பிவிட்டு, அடுத்தவர் வந்ததும் "பேப்பர்ல கிறுக்குறாங்க சார், கேக்க மாட்டீங்களா" என்று அவரே புகார் சொல்லுவார். வேலைவாய்ப்பு விளம்பரத்தை பிளேடால் வெட்டியெடுத்தவர், அதன் பின்பக்கத்தில் இருந்த ராசிபலனைக் காணோம் என்று மறுநாள் சண்டைக்கு வருவார். குரூப் 4 படிக்கும் பிள்ளைகள் பையை வைத்து நாற்காலி பிடித்துவிட்டு டீக்கடையில் நிற்பார்கள். பை மட்டும் மும்முரமாகப் படித்துக்கொண்டிருக்கும். துப்பறியும் நாவலின் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரை எழுதி அடிக்கோடும் போட்டுவைத்த புண்ணியவான் யார் என்று இன்றுவரை தெரியாது. புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811, பின்னால் ஒரு 7 சேர்த்தால் தமிழ் நகைச்சுவை. எங்கள் கிளையில் அந்தத் தட்டு எப்போதும் பாதி காலிதான். மீதிப் பாதி நேரில் வந்துகொண்டே இருப்பதால் யாரும் குறையாக நினைத்ததில்லை.

நாடகத்தின் முதல் காட்சியில் ரங்கநாதன். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பதவிக்கு வந்த கணிதப் பேராசிரியர், சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் சில நாட்களிலேயே "என்னைக் கல்லூரிக்கே அனுப்பிவிடுங்கள்" என்று கேட்ட கதை. லண்டனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம் என்று அனுப்பிவைத்தார்கள். போய் வந்தவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. எங்கள் தொழிலின் பிதாமகனே முதலில் ஓடப் பார்த்தவர்தான் என்ற இடத்தில் நூலகர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். இரண்டாவது காட்சி இருப்புச் சரிபார்ப்பு. மூன்றாவதுதான் சிவப்பு அட்டை.

ஒரு பெண்மணி கவுன்டருக்கு வருகிறார். "சார், ஒரு புக்கு வேணும்." என்ன புத்தகம்? "பேரு மறந்துபோச்சு." யார் எழுதியது? "அதுவும் மறந்துபோச்சு." என்னதான் ஞாபகம் இருக்கிறது? "அட்டை செவப்பா இருக்கும் சார்." நூலகர் தலையில் கைவைத்து உட்கார, உதவியாளர் நூலகத்தில் இருக்கும் சிவப்புப் பொருளையெல்லாம், தீயணைப்பு வாளி உட்பட, ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து காட்டுகிறார். விளக்கு அணைகிறது. அன்றைக்கு விழுந்த சிரிப்பிலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. சனிக்கிழமை காலை அந்த அம்மா வந்தார். தையல் வேலை செய்கிறவர், வாரத்துக்கு இரண்டு நாவலாவது எடுப்பவர். நிகழ்ச்சியன்றும் வந்து பெண்கள் பக்கத்தில் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"சார், அந்தச் செவப்பு அட்டை நான்தானே?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா. எல்லா லைப்ரரியிலயும் யாராவது ஒருத்தர் இப்படிக் கேக்கறதுதான்."

"நான்னாலும் பரவால்ல சார், நானும்தான் சிரிச்சேன். ஆனா அந்த புக்கு கெடச்சுச்சே? அத ஏன் நாடகத்துல காட்டல?"

"நேரம் பத்தலம்மா" என்றேன்.

அவர் "ஓ" என்றார். கையிலிருந்த நாவலை நீட்டினார். தேதி முத்திரை குத்திக் கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

ஆமாம், கிடைத்தது. அது வேறு யாருக்கும் தெரியாது, அவருக்கும் எனக்கும் உதவியாளருக்கும் மட்டும் தெரியும். அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவருடைய அம்மா இதே கிளையில் எடுத்துவந்து, இரவில் வாசித்துக் காட்டிய நாவல். கிணற்றடியில் ஒரு சண்டை வரும், ஓர்ப்படிகள் இரண்டு பேர் கடைசிவரை பேசிக்கொள்ள மாட்டார்கள் என்பது வரைக்கும் சொன்னார். அட்டை சிவப்பு என்றதும் நான் மனதுக்குள் சிரித்தது உண்மை. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஒன்று உறைத்தது. கிழிந்த புத்தகங்களை நாங்கள் மொத்தமாகக் கட்டி பைண்டிங்குக்கு அனுப்புவோம். பைண்டர் அந்த முறை கையில் எந்த நிறத்துக் காலிகோ துணி இருக்கிறதோ அதையே மொத்தத்துக்கும் ஒட்டி அனுப்பிவிடுவார். ஒரு கட்டு முழுக்கப் பச்சை, ஒரு கட்டு முழுக்கக் கருநீலம். சிவப்பு என்றால் அந்தப் பழைய கட்டு ஒன்றுதான். அதில் பாதியைக் கழிவு நூல் பட்டியலில் சேர்த்தாயிற்று, மீதி பின்னறையில் மேல்தட்டில் கிடந்தது. ஏணி போட்டு இறக்கி, தூசு தட்டிப் பார்த்ததில் கிணற்றடி வந்துவிட்டது. ஆசிரியர் பெயரும் தலைப்பும் தெரிந்திருந்தால்கூட அவ்வளவு சீக்கிரம் கிடைத்திருக்காது. பட்டியலில் பதிவே இல்லாத புத்தகம் அது. அவர் கொடுத்த துப்புதான் சரியான துப்பு.

இதை நாடகத்தில் எப்படி வைப்பது? பைண்டரையும் காலிகோவையும் மேடையில் விளக்கிக்கொண்டிருந்தால் பின்வரிசை எழுந்து போயிருக்கும். வாளி வந்ததும் விளக்கை அணைக்க வேண்டும், அதுதான் கணக்கு. நகைச்சுவை எழுதுகிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். புத்தகம் கிடைத்துவிட்டால் அது நகைச்சுவை இல்லை, நல்ல செய்தி. நல்ல செய்திக்கு யார் சிரிப்பார்கள்? தவிர, இது உலகம் முழுக்க உள்ள நூலகர் ஜோக். ஆங்கில நாடுகளில் "பெயர் நினைவில்லை, ஆனால் அட்டை நீலம்" என்று பலகை எழுதி, நீல அட்டைப் புத்தகங்களை மட்டும் அடுக்கிவைத்த நூலகங்கள் உண்டு. அங்கே யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இதை அடிக்கடி எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அப்புறம் ஒன்று தோன்றும். அந்த ஊர்க்காரர்கள் ஜோக் சொன்ன கையோடு ஓர் அலமாரியையும் வைத்தார்கள். நீல அட்டை தேடி வந்தவருக்கு அங்கே புத்தகம் கிடைத்தாலும் கிடைக்கும். நான் வாளியோடு நிறுத்திவிட்டேன்.

நேரம் பத்தவில்லை என்று சொன்னது பொய்யும் இல்லை. தலைமையுரை நீண்டுவிட்டதால் நாடகத்தைச் சுருக்கச் சொன்னார்கள். ஆனால் இரண்டாவது காட்சியை நான் சுருக்கவில்லை. காணாமல் போன புத்தகத்துக்குத் தன் சம்பளத்தில் கை வைப்பார்களோ என்ற பயம் எங்கள் தொழிலில் பழைய பயம். அதை வைத்துத்தான் அந்தக் காட்சி. கடுகடுப்போடு வரும் அதிகாரி, எலி தின்ற பக்கங்களை எண்ணச் சொல்லி உயிரை எடுக்கிறார். கடைசியில் மனம் இறங்கி, தொலைந்த நூலைத் தானே வாங்கித் தந்துவிட்டுப் போகிறார். நிஜத்தில் அப்படி எந்த அதிகாரியும் செய்து நான் பார்த்ததில்லை. அது முழுக்க என் கற்பனை. முன்வரிசையில் இருந்த மாவட்ட அதிகாரிக்கு இல்லாத நல்ல முடிவை எழுதிக் கொடுக்க நேரம் இருந்திருக்கிறது. நடுவில் உட்கார்ந்திருந்தவருக்கு உண்மையாகவே நடந்த முடிவை வைக்க மட்டும் நேரமில்லை. இத்தனைக்கும் 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறவர் அந்த அம்மாதான். அந்தச் சிரிப்புக்கு அவரும் பணம் கொடுத்திருக்கிறார்.

உதவியாளரிடம் இதைச் சொன்னபோது, "அவங்க அன்னிக்கே மறந்திருப்பாங்க சார், நீங்கதான் தூக்கிட்டுத் திரியறீங்க" என்றார். இருக்கலாம். அவர் வருவதை நிறுத்தவில்லை, வழக்கம்போல இரண்டு நாவல் எடுக்கிறார். மனம் புண்பட்டிருந்தால் வருவாரா? இந்தக் கேள்வியில் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும். உடனே, இந்த ஊரில் அவர் போவதற்கு வேறு எந்த நூலகம் இருக்கிறது என்று யோசனை வரும், நிம்மதி போய்விடும்.

நான் அவர் கேட்டதையே தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்ற சந்தேகமும் உண்டு. புகார் என்று எடுத்துக்கொண்டுதான் "நேரம் பத்தல" என்று சமாதானம் சொன்னேன். அவர் என்னைவிட அதிகமாகக் கதை படிக்கிறவர். ஒரு கதையில் நல்ல இடம் விட்டுப்போயிருந்தால் சட்டென்று தெரிந்துவிடும். "நான்னாலும் பரவால்ல" என்று அவரே சொல்லியும்விட்டார். அப்படியென்றால் அந்தக் கேள்வி விமர்சனம்தான். எழுதியவனிடம் வாசகி கேட்டது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று ரங்கநாதன் 1931-இல் நூலக விதியாக எழுதிவைத்ததை நான் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவன். என் நாடகத்தில் அது நடக்கவில்லையே என்று அவர் கேட்டார், விதி எதையும் படிக்காமலே. விமர்சனம் என்றால் அதற்குரிய பதில் வேறு. அந்தப் பதில் என்ன என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை, ஏனென்றால் நாடகம் என்ற அளவில் நான் செய்தது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன்.

இந்த வருடமும் ஆகஸ்ட் வருகிறது. அதே நாடகம் வேண்டும் என்று மேலிடத்திலிருந்தே சொல்லிவிட்டார்கள், அந்த வாளிக் காட்சி கட்டாயமாம். புத்தகம் கிடைப்பது மாதிரி மாற்றி எழுதிப் பார்த்தேன். பைண்டர் வருகிறார், ஏணி வருகிறது, கிணற்றடியைக்கூட அந்த அம்மாவே வாசித்துக் காட்டுகிறார். வாளி தூக்கும் பாத்திரத்தில் நடிக்கிற குரூப் 4 தம்பியிடம் படிக்கக் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு, "நல்லா இருக்கு சார். ஆனா காமெடி எங்க?" என்றான்.

ஒத்திகை அடுத்த வாரம். இப்போதைக்கு அட்டையின் நிறத்தைப் பச்சையாக மாற்றியிருக்கிறேன். பச்சை வாளிக்குத்தான் அலைந்துகொண்டிருக்கிறோம்.